ஜிப்பைத் திறக்காதே!

ராத்திரி ரெண்டு மணி. கூடாரத்தை ஒட்டி ‘கரக்... கரக்...’ என்று புல் மேய்கிற சத்தம். நீர்யானை! எனக்கோ அவசரமாக ‘ஒன்றுக்கு’!

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்பில், இடம் மாற்றி மாற்றிக் கூடாரம் போடும் பயணம். வேலியெல்லாம் கிடையாது. “இருட்டினப்புறம் ஜிப்பைத் திறக்காதீங்க” என்பது வழிகாட்டியின் கட்டளை. ஆபீஸ் மானேஜருக்குக்கூட நான் இப்படி அடங்கி உட்கார்ந்ததில்லை, சார்!

அங்கோலா மலையில் பெய்த மழை மாசக்கணக்கில் நகர்ந்து, இங்கே மழையே இல்லாத ஜூன், ஜூலையில் வெள்ளமாக வந்து சேர்கிறது. கடலைப் பார்க்காமலே கலஹாரியில் வற்றிப்போகிறது. அதை நம்பித்தான் இத்தனை மிருகங்களும்.

விடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து, சாம்பலைப் புதைத்து, குப்பையை ஜீப்பில் ஏற்றினார்கள். திரும்பிப் பார்த்தேன். நாங்கள் தங்கியதற்கு அடையாளமே இல்லை. நாலு விரல் பதிந்த அதன் கால்தடம் மட்டும் இருந்தது.