ராமநாதன் கிருஷ்ணன்

வாழைச்சேனையில டென்னிஸ் பந்து வாங்குறது கிரிக்கெட் அடிக்கத்தான். அதாலதானோ என்னவோ, டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனை எங்கட பொடியன்மாருக்குத் தெரியாது.

தகப்பன் டி.கே. ராமநாதனிடம் பழகி, 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்ற தமிழன். அப்பட்டம் பெற்ற முதல் ஆசியர். சேர்விஸில் பெரிய பலமில்லை, எல்லாம் கைப்பக்குவம். 1961 விம்பிள்டன் காலிறுதியில் ரோய் எமர்சனை மூன்றே செட்டில் அனுப்பினார்.

எனக்குப் பிடிச்சது 1966, கல்கத்தா. டேவிஸ் கிண்ணம், எதிரில் பிரேசிலின் தோமஸ் கொக். செட்டில் 1-2 பின்னால, நாலாவதில் 2-5. முடிஞ்சுது எண்டுதான் எவரும் நினைப்பர். 7-5, 6-2 என்று திருப்பிட்டார் மனுசன்! இந்தியா முதன்முதலா இறுதிக்குப் போனது.

மெல்பேர்ணில் அவுஸ்திரேலியாவிடம் 4-1 தோல்வி. அந்த ஒன்றும் இவரும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்-ரோச் சோடியிடம் பறிச்சது.