பீதரின் நீல ஓடுகள்

கோயம்புத்தூருக்கு வடமேற்கே, மலையடியில் தடாகம் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள செம்மண்ணைக் குழைத்துக் கல்லறுத்துச் சூளையில் வைத்துச் சுட்ட செங்கற்களே கொங்கு நாட்டு வீடுகள் பலவற்றுக்குச் சுவராயின. அச்செங்கல் மழைநீரை உறிஞ்சும். நாளடைவில் பாசியும் பற்றும். அதே வீட்டின் அடுக்களையில் இருக்கும் ஊறுகாய்ச் சாடியோ கழுவக் கழுவப் பளபளக்கும். இரண்டும் சுட்ட மண்ணே. சாடியின்மேல் கண்ணாடிபோல் உருகிப் படிந்த மெருகே வேறுபாட்டுக்குக் காரணம்.

இம்மெருகைச் சுவருக்கும் ஊட்டலாம் எனக் கண்டவர் மேற்காசிய மக்கள். பாபிலோன் நகரின் வாயிலில் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே நீல மெருகிட்ட செங்கற்கள் ஒளிர்ந்தன. இசுலாமியர் காலத்தில் பாரசீக வினைஞர் இக்கலையை உச்சிக்குக் கொண்டு சென்றனர். வண்ண ஓட்டினை அவர்கள் ‘காஷி’ என்றனர். காஷான் என்னும் ஊரின் பெயரால் வந்த சொல் அது. நம் காசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படிகக்கல்லைப் பொடித்துச் செடிகளின் சாம்பலுடன் சேர்த்து உருக்கினால் மெருகு கிடைக்கும். அதனுடன் செம்பு சேர்ந்தால் பசுநீலம். கோபால்ட்டு சேர்ந்தால் கருநீலம். வெள்ளீயம் சேர்ந்தால் வெண்மை. ஒவ்வொரு வண்ணமும் தனக்குரிய சூட்டில்தான் நன்கு மலரும். ஆதலால் வினைஞர் வண்ணந்தோறும் தனித்தனியே ஓடு சுட்டனர். அவற்றை உளியால் துண்டு துண்டாகச் செதுக்கினர். கொடியும் பூவும் எழுத்துமாகக் குப்புற அடுக்கினர். பின்புறத்தே சாந்து ஊற்றி இறுகச் செய்து, பலகையாக எடுத்துச் சுவரிற் பதித்தனர். ஒரு முழச் சுவருக்கே எத்தனை நாள் உழைப்பு வேண்டியிருக்கும்!

இக்கலை தக்காணத்தில் சிறந்து விளங்கிய நகரம் பீதர். இன்றைய கருநாடகத்தின் வடகோடியில் உள்ள அந்நகரைப் பாமினி சுல்தான்கள் தலைநகராகக் கொண்டிருந்தனர். பாரசீகத்தின் கீலான் பகுதியிலிருந்து வணிகராக வந்த மகமூது கவான், தம் அறிவாற்றலால் அவர்களுக்கு முதலமைச்சரானார். அவர் எழுப்பிய கல்லூரி 1472இல் நிறைவுற்றது. மூன்றடுக்கு மாளிகை அது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அறைகள், விரிவுரைக் கூடங்கள், தொழுகையிடம், நூலகம் யாவும் அதில் இருந்தன. மூவாயிரம் கையெழுத்துச் சுவடிகள் இருந்தன என்பர். முகப்பெங்கும் நீலமும் வெண்மையும் மஞ்சளும் மின்னின.

கவானின் முடிவோ கொடியது. பொறாமை கொண்டோர் அவருடைய முத்திரையை வெற்றுத் தாளில் வஞ்சகமாகப் பெற்று, ஒரிசா மன்னனைப் படையெடுத்துவர அழைக்கும் பொய்க்கடிதம் ஒன்றைப் புனைந்தனர். சுல்தான் தீர விசாரிக்கவில்லை. 1481இல் முதிய அமைச்சர் வெட்டுண்டார். உண்மை பின்னரே வெளிப்பட்டது. சுல்தான் வருந்தினார், வருந்தி என்ன பயன்? அடுத்த ஆண்டே அவரும் மாண்டார்.

கல்லூரிக்கும் நற்காலம் நீடிக்கவில்லை. முகலாயப் படையினர் பீதரைக் கைப்பற்றியபின் பாடஞ்சொன்ன கூடங்களில் வெடிமருந்தைச் சேமித்தனர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது வெடித்தது. முகப்பிற் பாதியும், வாயிலும், இரு கோபுரங்களுள் ஒன்றும் தகர்ந்தன.

எஞ்சிய கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன்மேல் நெளிநெளியாகச் செல்லும் ஓட்டு வரிசைகள் இடையிடையே அறுபட்டுள்ளன. ஓடு உதிர்ந்த இடங்களில் வெறுஞ்சாந்து தெரிகிறது. உதிராத இடங்களில், ஐந்நூற்றைம்பது ஆண்டு வெயிலுக்குப் பின்னும், நீலம் நீலமாகவே இருக்கிறது.