கண்டி வாவிக் கரையில் ஒரு கொக்குக் குஞ்சு

கண்டி வாவியைக் காலையில் பார்ப்பதிலும் அந்தியில் பார்ப்பதுதான் அழகு. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வெட்டுவித்த வாவி அது. கரையோரத்துப் பெரிய மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டமாக வந்து அடையும். கீழே நடப்பவர்கள் குடை பிடித்துக்கொள்வது நல்லது!

சென்ற வருடம் தையல் பயிற்சிக்காக முல்லைத்தீவிலிருந்து வந்த பன்னிரண்டு சகோதரிகளுடன் அங்கே நடந்தேன். மழை விட்டிருந்தது. மரத்தடியில் சிறகு தொங்கியபடி ஒரு கொக்குக் குஞ்சு. எங்களில் ஒருவர் அதைத் துவாயில் சுற்றி எடுத்தார்.

"அக்கா, இதை இப்பிடியே விட்டிட்டுப் போறதே?"

உடவத்தகெலே காட்டுப்பக்கம், பறவைகளைப் பராமரிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். ஓட்டோ பிடித்தோம். கேற்றைத் திறந்த டீச்சர் குஞ்சைப் பார்த்தார். "வைக்க இடமில்ல தங்கச்சி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு பின்புறத்துக்குக் கூட்டிப்போனார். மின்கம்பியில் அடிபட்ட பருந்து ஒன்று. இனிப் பறக்காது, ஆனால் பல வருடம் உயிர்வாழும். தினமும் இறைச்சியோ மீனோ வேண்டும். யாரோ வீட்டில் வளர்த்து அலுத்துப்போன கிளிகள், காட்டில் விட்டால் பிழைக்கத் தெரியாதவை. குஞ்சுகள் என்றால் பகல் முழுக்க அடிக்கடி ஊட்ட வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு மீன் விலையும் மருந்து விலையும் ஓய்வூதியத்துக்குள் அடங்கவில்லை. ஒரு சிலவற்றைத் தவிர காட்டுப் பறவைகளை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி குற்றம்; ஆகவே வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

"ராத்திரியில கேற்றுக்கிட்ட பெட்டிய வச்சிட்டுப் போறவங்க நிறையப் பேர். மீன் கொண்டு வந்தவங்க ஒருத்தருமில்ல. நான் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்தா இதுகள யார் பாக்கிறது?"

பின்னர் டில்லியின் வசீராபாத்தில் பருந்துகளைக் காப்பாற்றும் நதீம், சவூத் என்ற சகோதரர்களைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்தேன். பட்ட நூலில் சிறகு அறுந்த பறவைகள்தான் அங்கே அதிகம். 2022 இல் கான் விழாவில் பரிசு பெற்ற படம். அதிலும் பணக் கவலை விட்டபாடில்லை.

டீச்சர் எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. துளையிட்ட மட்டைப்பெட்டி தந்தார். இருட்டாக, கதகதப்பாக வைக்கச் சொன்னார். பால் கொடுக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காலையில் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். இறகு முளைத்து, காயமில்லாமல் தத்தும் குஞ்சென்றால் எடுக்கவே வேண்டாம், கொப்பில் வைத்துவிட்டால் தாய் வரும் என்றும் சொன்னார். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்று நானும் நம்பியிருந்தேன். அது வெறும் கதையாம்.

விடியுமுன்பே குஞ்சு இறந்துவிட்டது. துவாயில் எடுத்தவர் விடுதியின் பின்னால் புதைத்தார். வேறொன்றும் பேசவில்லை. காலைச் சாப்பாட்டின்போதுதான் கேட்டார்:

"டீச்சருக்கு மீனுக்கு மாசம் எவ்வளவு முடியுமக்கா?"

ஆளுக்கு இருநூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். முதல் மாதம் பன்னிரண்டு பேரும் அனுப்பினார்கள். இப்போது ஐந்து பேர். நானும் இரண்டு மாதம் தவறவிட்டேன். அவர் மட்டும் ஒரு மாதமும் விடவில்லை. தையல் கூலியில் எடுத்து அனுப்புகிறார்.