''என் பேரைப் போட்டா அடுத்த கடை பேரு வருதே தம்பி!''

''தம்பி, என் நம்பரைப் போட்டுத்தான் உள்ள போனேன். ஆனா வேற ஒரு கடை பேரு வருது. அவுக எத்தனை காலண்டர் சொல்லிருக்காக, என்ன ரேட்டு, எல்லாம் தெரியுதே!''

நவம்பர் மாத மதியம் ஒன்றில் ஒரு ஜவுளிக்கடை அம்மா போனில் இப்படிச் சொன்னபோது, அவன் நிதானமாகத்தான் பதில் சொன்னான். ''உங்க போன்ல பழைய பக்கம் தங்கியிருக்கும்மா. ஹிஸ்டரியை அழிச்சிட்டு மறுபடி லாகின் பண்ணுங்க.''

விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சூலக்கரையில், ஒரு வீட்டு மாடி அறைதான் அவனுடைய அலுவலகம். ஒரு லேப்டாப், ஒரு டேபிள் ஃபேன். வயது 26. சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு ஆன்லைனில் காலண்டர் ஆர்டர் எடுக்கும் வெப்சைட்டை எழுதியதும் அவன்தான், பார்த்துக்கொள்வதும் அவன்தான்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷ காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். தீபாவளி முடிந்ததும் ஆர்டர்கள் குவியும். எல்லாம் டிசம்பர் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். பொங்கலுக்குப் பிறகு வரும் காலண்டரை யார் வீட்டு ஆணியில் மாட்டுவார்கள்?

அந்த வருஷம் கூட்டம் தாங்காமல் வெப்சைட் திணறியது. இரண்டாவதாக ஒரு சர்வரைச் சேர்த்தான். அங்கேதான் முதல் சிக்கல் ஆரம்பித்தது. லாகின் செய்தவர்களை வெப்சைட் திடீர் திடீரென்று வெளியே தள்ளியது. தேர்ந்தெடுத்து வைத்த டிசைன்கள் காணாமல்போயின.

காரணம் எளிமையானது. ஒரு வெப்சைட்டுக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. நாம் செய்யும் ஒவ்வொரு கிளிக்கும் அதற்குப் புது ஆள் வந்த மாதிரிதான். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி 'குக்கி'யைக் கொண்டுவந்தார். லாகின் செய்ததும் சர்வர் ஒரு நீளமான ரகசிய எண்ணை நம் பிரவுசரிடம் கொடுக்கும். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி. ஒவ்வொரு கிளிக்கிலும் பிரவுசர் அந்த டோக்கனைக் காட்ட, சர்வர் தன் நோட்டைப் பார்த்து 'இவர் இன்னார்' என்று தெரிந்துகொள்ளும். அந்த நோட்டில் நமக்கென்று இருக்கும் பதிவுதான் 'செஷன்'.

ஸ்டாண்டுக்கு இரண்டு வாசல், வாசலுக்கு ஒரு நோட்டு என்றால் என்ன ஆகும்? முதல் வாசலில் வாங்கிய டோக்கனை இரண்டாவது வாசலில் நீட்டினால், 'இது எங்க நோட்டுல இல்லையே' என்பார்கள். அதுதான் நடந்தது. இரண்டு சர்வரும் பார்க்கும்படி பொதுவான ஓரிடத்தில், ரெடிஸ் என்ற மென்பொருளில், எல்லா செஷன்களையும் வைத்தான். சிக்கல் தீர்ந்தது.

அந்தத் தெம்பில் அடுத்த காரியத்தையும் செய்தான். வேகத்துக்காக சர்வருக்கு முன்னால் ஒரு 'கேஷ்' வைத்தான். ஒருமுறை தயாரித்த பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அதையே நீட்டுவதுதான் கேஷின் வேலை. கல்யாணப் பந்தியில் ஆட்கள் உட்காரும் முன்பே இலையில் பரிமாறி வைப்பது போல. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புது நகல் என்று கணக்கு வைத்தான். வெப்சைட் பறந்தது. அச்சக முதலாளியே போன் போட்டுப் பாராட்டினார்.

இரண்டு நாள் கழித்து வந்ததுதான் அந்த ஜவுளிக்கடை அம்மாவின் போன். அன்று சாயங்காலம் ஒரு பாத்திரக்கடைக்காரர் அதையே சொன்னார். அவருக்கும் அதே பதில். மறுநாள் காலை மூன்றாவது போன். அவன் தன் கணக்கில் பலமுறை நுழைந்து பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது.

''ஆளுக ஒழுங்கா லாகின் பண்ணத் தெரியாம என் உசுர வாங்குறாகம்மா'' என்று சாப்பிடும்போது சலித்துக்கொண்டான்.

அம்மா பல வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். ''ஒரு பெட்டியில குச்சி குறைஞ்சா கை தப்புப்பா. மூணு பெட்டியிலயும் அதே மாதிரி குறைஞ்சா அளவுதான் தப்பு. மூணு பேரும் ஒண்ணு போல சொல்றாகன்னா, நீ உன்னோடதப் பாரு.''

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்குப் போனான். இந்த முறை தன் கணக்கில் நுழையவில்லை. சோதனைக்காக இரண்டு புதுக் கணக்குகளைத் தொடங்கினான். ஒன்றை லேப்டாப்பிலும் மற்றொன்றை அம்மாவின் போனிலும் திறந்தான். இரண்டிலும் 'என் ஆர்டர்கள்' பக்கத்துக்குப் போனான்.

இரண்டிலுமே முன்பின் தெரியாத ஒரு கடையின் பெயர். முகவரி, போன் நம்பர், 500 காலண்டர், போட்ட ரேட்டு.

கை நடுங்க, அந்தப் பக்கத்தோடு சர்வர் அனுப்பிய குறிப்புகளைத் திறந்து பார்த்தான். அதில் 'ஏஜ்: 412' என்று இருந்தது. அந்தப் பக்கத்துக்கு வயது 412 விநாடிகள் என்று அர்த்தம். அந்த நிமிடம் அவனுக்காகத் தயாராகியிருக்க வேண்டிய பக்கம், ஏழு நிமிடத்துக்கு முன்பே வேறு யாருக்கோ தயாரானது!

டிசைன் ஆல்பத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி பரிமாறலாம். 'என் ஆர்டர்கள்' பக்கம் மருந்துச் சீட்டு மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. கேஷோ பக்கத்தின் முகவரியை மட்டும் பார்த்தது, கேட்பவர் யார் என்று பார்க்கவில்லை. அவனுடைய அட்மின் கணக்கு மட்டும் கேஷைத் தொடாமல் நேராக சர்வருக்குப் போகும்படி அவனே அமைத்திருந்தான். அதனால்தான் அவன் கண்ணுக்கு மட்டும் தப்பு தெரியவில்லை.

உலகப் பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. வீடியோ கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில், 2015 கிறிஸ்துமஸ் அன்று இதேதான் நடந்தது. தாக்குதலால் குவிந்த போக்குவரத்தைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய கேஷ் அமைப்பில் பிழை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில், ஏறக்குறைய 34,000 பேருடைய பக்கங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனம் பிறகு அறிவித்தது. சிலரின் முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருட்களின் பட்டியல்கூட அதில் அடக்கம்.

அவன் முதலில் கேஷை முழுவதுமாக நிறுத்தினான். தங்கியிருந்த நகல்களை அழித்தான். எல்லா செஷன்களையும் ரத்து செய்து, அனைவரும் புதிதாக லாகின் செய்யும்படி வைத்தான். லாகின் செய்த பிறகு வரும் எந்தப் பக்கத்தையும் நகல் எடுக்கக் கூடாது என்று சர்வரிலேயே கட்டளை எழுதினான். டிசைன் ஆல்பத்துக்கு மட்டும் கேஷ் திரும்ப வந்தது. வெப்சைட்டின் வேகம் கொஞ்சம் குறைந்தது.

அதைவிடக் கஷ்டமான வேலை பாக்கி இருந்தது. முதலாளிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ''ஒரே தெருவுல நாலு கடைக்கு நாலு ரேட்டு போட்டிருக்கோமேப்பா...'' என்றார். பிறகு, ''யார் யாரோட பக்கம் வெளிய தெரிஞ்சிருக்கும்னு லிஸ்ட் எடு. நாமளே சொல்லிருவோம்'' என்றார்.

அந்த லிஸ்ட்டில் ஜவுளிக்கடை அம்மா இல்லை. ஆனாலும் அவன் முதல் போனை அவருக்குத்தான் போட்டான். ''நீங்க சொன்னதுதாம்மா சரி. தப்பு எங்க பக்கம். அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்.''

''அட, எனக்கு லாகின் பண்ணத் தெரியலையோன்னு மகன்கிட்டகூட சொல்லாம இருந்தேன் தம்பி'' என்றார் அவர்.

உங்களுக்கும் இப்படி நேரலாம். நீங்கள் நுழைந்த கணக்கில் வேறொருவர் பெயர் தெரிந்தால், உங்கள் மேல் சந்தேகப்படாதீர்கள். அந்தப் பக்கத்தில் எதையும் மாற்றாதீர்கள், பணம் கட்டாதீர்கள். நாள், நேரத்தைக் குறித்துக்கொண்டு லாக்-அவுட் செய்து, உடனே சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லுங்கள். 'ஹிஸ்டரியை அழியுங்க' என்று பதில் வந்தால், இன்னொரு முறை சொல்லுங்கள்.