இரு உதயங்கள் கண்ட விமானம்

காலியிலிருந்து மாத்தறைக்குப் பஸ்ஸிலே செல்வோர் கொக்கலையை அண்மியதும் கடற்புறத்தையே நோக்குவர். அவ்வழகு அத்தகையது. ஆயினும் வீதியின் உட்புறத்தே ஒரு வாவி உண்டு. உலகின் மிக நீண்ட விமானப் பிரயாணமொன்றுக்கு அவ்வாவி ஒரு காலத்தில் எல்லையாய் விளங்கிற்று. மற்றைய எல்லை, மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள சுவான் ஆறு.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதனோடு அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையே இருந்த ஆகாய வழியும் அறுந்தது. எஞ்சிய மார்க்கம் இந்து சமுத்திரமே. பேர்த்திலிருந்து கொக்கலைக்கு ஏறக்குறைய 3,500 மைல். அங்கிருந்து கராச்சி வழியாக இங்கிலாந்துக்குச் செல்லலாம். 1943இன் நடுப்பகுதியில் குவாண்டாஸ் கம்பெனியார், கற்றலினா என்னும் நீர்விமானங்கள் ஐந்தைக் கொண்டு, இக்கடலை இடையில் எங்கும் இறங்காது கடக்கும் சேவையைத் தொடங்கினர்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். கற்றலினா மணிக்குச் சுமார் 125 மைல் பறக்கும். 3,500 மைலுக்கு 28 மணித்தியாலம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் காற்று வீசுவதில்லை, சமுத்திரத்தின்மேல் வீசுகின்றது. ஆதலால் பிரயாண நேரம் ஒவ்வொரு முறையும் மாறியது. மிக நீண்ட பறப்பு 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் நீடித்தது. ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தும் விமானம் ஆகாயத்திலேயே நின்றமையால், பிரயாணிகள் இருமுறை சூரியோதயம் கண்டனர். ‘இரட்டை உதயப் பறப்பு’ என்னும் பெயரும் அதனால் வந்தது. உதயமிரண்டு கண்டோருக்கு நற்சாட்சிப் பத்திரமும் வழங்கினார்களாம்!

பிரயாணிகள் என்று பன்மையிற் கூறினாலும், ஒரு பறப்பில் இடம்பெற்றோர் மூவரே. இவர்களோடு 152 இறாத்தல் தபால். மற்றைய பாரமெல்லாம் எண்ணெய். அதைச் சுமப்பதற்காக விமானத்தின் உள்ளே குளிர்காக்கும் உறைகளையுங்கூடக் கழற்றிவிட்டனர். பகைவர் செவிக்கு எட்டாதிருக்க வானொலி மௌனம் காத்தது. கீழே விளக்கில்லாத கடல், வழிகாட்ட நட்சத்திரங்கள். மாலுமிகள் பண்டு செய்த காரியத்தையே இவ்விமானிகளும் செய்தனர். 1945 யூலை வரை 271 முறை இக்கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் அழியவில்லை என்பதே எனக்குத் தூரத்தினும் பெரிய வியப்பு.

இன்றைய ஜெட் விமானத்துக்கு இத்தூரம் ஏறக்குறைய ஏழு மணித்தியாலமே. 2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து லண்டனுக்கே நேர்ச்சேவை தொடங்கிற்று. சுமார் 9,000 மைலை அது 17 மணித்தியாலத்தில் கடந்தது. மைலில் அது கொக்கலைப் பறப்பை வென்றது. ஆகாயத்தில் நின்ற நேரத்தில் அதன் பாதியளவே.

போர் முடிந்தது. இரவல் ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவிடமிருந்து பெற்ற அந்த ஐந்து விமானங்களும் மீண்டும் சேவையில் ஈடுபடலாகாதென்பது நிபந்தனை. நான்கைப் பேர்த்துக்கு எதிரேயுள்ள றொட்னெஸ்ற் தீவின் அருகேயும், ஒன்றைச் சிட்னிக் கடலிலும் ஆழ்த்திவிட்டனர்.