விடுபட்ட பெயர்கள்

மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி நம்முடையது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டியல் எழுதி வருகிறோம். ஊதியப் பட்டியல், விடுப்புப் பட்டியல், பணிமூப்புப் பட்டியல், குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பட்டியல் என நம் கையால் உருவானவை பல. பேனாவின் காலம் போய்க் கணிப்பொறியின் காலம் வந்த பின்னும் தொழில் மாறவில்லை. இத்தொழிலில் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள பெயரில் பிழை நேர்ந்தால் உரியவர் நேரில் வந்து வாதாடித் திருத்திக்கொள்வார். பட்டியலிலேயே இல்லாதவர் வந்து கேட்பதற்கு வழியில்லை. அவருடைய மனுவைச் சேர்ப்பதற்குக்கூடக் கோப்பு இராது.

ஒன்றுகூடி வாழ்தல் பற்றிச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று அன்பர்கள் பணித்தபோது, முதலில் நம் நினைவுக்கு வந்தது இந்தப் பாடந்தான். கணியன் பூங்குன்றனாரின் பாடலை எடுத்தோதாத மேடை நம்மிடையே இல்லை. ஆயினும் அப்பாடலின் கருத்து மேடையினின்றும் இறங்கி நம் தெருவுக்குள் வரும்போது, 'யார் யார் பெயரை எழுதுவது?' என்னும் எளிய கேள்வியாகி விடுகிறது. அங்கேதான் நாம் தடுமாறுகிறோம்.

பட்டியலால் காயம்பட்டவர்கள் மும்பைத் தமிழர்கள். 1960-களில் 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ், இந்நகரின் அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி வெளியிட்டு வந்தது. 1966-இல் சிவசேனை தோன்றியது. தட்டெழுத்தரும் சுருக்கெழுத்தரும் அயலார் எனச் சுட்டப்பட்டனர். உடுப்பி உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. மின்தொடர் வண்டியில் தமிழில் பேசுவதற்கே அஞ்சிய நாள்களைப் பற்றி மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஊரை விட்டு வந்தவன் என்பதற்காகவே ஒருவனைத் தனியே பிரித்து எழுதினால் எத்தகைய வலி உண்டாகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆனால் நாமே பிறரைப் பிரித்து எழுதியதில்லையா?

நம் தந்தையார் 1960-களின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் கூடமொன்றில் கூலி வேலைக்கு அமர்ந்தார். அவருக்கு முன்பே, கோலி மீனவர்களின் சிற்றூராயிருந்த தாராவிக்குச் சௌராட்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்திருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் தோல் தொழிலை வளர்த்திருந்தனர். 1924-இல் எழுந்த தாராவியின் முதற்பள்ளி தமிழ்ப் பள்ளியே என்பர். 1960-களில் எம். வி. துரைசாமி அவர்களின் முயற்சியால் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தோன்றி, 338 வீடுகளும் 97 கடைகளும் கொண்ட டாக்டர் பாலிகா நகரை உருவாக்கியது. கூடி உழைத்தால் குடிசைக்குப் பதில் வீடு எழும் என்பதற்குத் தாராவித் தமிழரே அன்று சான்றாயினர்.

கிழக்கே இருப்புப்பாதையைக் கடந்தால் மாட்டுங்கா. அங்கும் தமிழர்கள். அலுவலக வேலைக்கென வந்த அவர்கள் கோயில்களையும் இசை அரங்குகளையும் அமைத்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் அங்கே தோன்றியது. வாழையிலையும் மல்லிகையும் வாங்க அம்மாவுடன் மாட்டுங்கா சந்தைக்கு நடந்து செல்வோம். கடைக்காரர் பேசியது தமிழ். வீட்டில் நாம் பேசியதும் தமிழ். இருந்தும், எங்கிருந்து வருகிறோம் என்று எவரேனும் கேட்டால் அம்மா தாராவி என்னாமல் 'சயான் பக்கம்' என்பார். சாதியும் வருவாயும் இட்ட கோடு அத்தண்டவாளத்தை விட உறுதியாக இருந்தது. இதனைச் சங்க மலரில் எழுதத் தயங்கினோம். எழுதாமல் விடுவதும் ஒருவகை விடுபடுதலே என்பதால் எழுதுகிறோம்.

இக்கோட்டை மதியாத ஒரு தமிழரை ஈண்டு நினைவுகூர வேண்டும். கோலார் தங்கவயலில் பிறந்து, இளமையில் பம்பாய் வந்து தச்சுவேலை செய்த ஜாக்கின் அற்புதம் அவர்கள், செம்பூருக்கு அப்பால் மாங்குர்து ஜனதா காலனியில் குடியேறினார். பல மொழியினரும் பல சமயத்தினரும் அங்கே நெருங்கி வாழ்ந்தனர். குப்பை அள்ள எவரும் வருவதில்லை. அற்புதம் என்ன செய்தார்? உலாப் போகலாம் என்று சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைச் செய்தித்தாளில் கட்டி எடுத்துவரச் செய்து, நகராட்சி அலுவலக வாயிலில் குவித்து விட்டார். அதன் பிறகே குப்பை வண்டி வந்தது. எந்த மொழிப் பிள்ளை எந்தப் பொட்டலத்தைச் சுமந்தது என்று எவரும் பார்க்கவில்லை.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த அக்குடியிருப்பை அகற்ற அரசு முனைந்தது. ஏறத்தாழ 70,000 பேர் பல ஆண்டுகள் போராடியும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் அது இடிக்கப்பட்டது. மக்கள் டிராம்பேயில் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அற்புதம் பலமுறை சிறை சென்றவர். எனினும் எதிர்ப்பு மட்டும் போதாது என அவர் உணர்ந்தார். ஏழைகள் தங்களைத் தாங்களே கணக்கெடுத்து, அக்கணக்கைக் கையில் ஏந்தி அரசுடன் பேச வேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

1985-இல் ஸ்பார்க் என்னும் அமைப்பு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ ஆறாயிரம் குடும்பங்கள் அதில் இடம்பெற்றன. அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு பைகுல்லா நடைபாதைப் பெண்கள் 'மகிளா மிலன்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அவர்களுள் பலர் பீகாரிலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள். அற்புதம் தலைமையிலான தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு இவ்விரண்டுடனும் கைகோத்தது. அப்பெண்கள் நாள்தோறும் வீடுவீடாகச் சென்று சில்லறைக் காசுகளைச் சேமிப்பாகத் திரட்டினர். காசு வாங்கச் செல்பவள், அவ்வீட்டில் நோயாளி உண்டா, அடுப்பு எரிந்ததா என்பதையும் அறிந்து வருவாள். வருங்கால வீட்டின் மாதிரியைத் துணியால் உயிரளவில் கட்டி, பரண் அமைக்க 14 அடி உயரம் வேண்டுமென அவர்களே முடிவு செய்தனர். தமிழ் பேசும் தச்சர் ஒருவரும் பீகார்ப் பெண்களும் சேர்ந்து செய்த இவ்வேலை பிற நாடுகளுக்கும் பரவியது. அற்புதம் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார், 2018-இல் மறைந்தார்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். அது பெருமைப்படத் தக்கதன்று.

நாம் இப்போது ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில் வாழ்கிறோம். அம்மா மட்டும் தாராவியில் பழைய வீட்டை விட்டு வர மறுத்து விட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அத்தெருவில் பொதுக் கழிப்பறை ஒன்று கட்டப்பட்டு, அதை நடத்தும் பொறுப்பு தெருவாசிகளின் குழுவிடம் விடப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு மாதச் சீட்டு. அப்பணத்தில் காவலாளியின் ஊதியம், தண்ணீர், மின்சாரம், பழுதுபார்ப்பு. எழுத்துப் பழக்கம் உள்ளவர் என்று நம்மைப் பட்டியல் எழுதச் சொன்னார்கள். ஞாயிறு முழுதும் அலைந்து 62 குடும்பங்களின் பெயர்களை அழகாக எழுதி முடித்து அம்மாவிடம் காட்டினோம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனை வீடு என்று கேட்டார். சொன்னோம். சற்று நேரம் விரல் விட்டு எண்ணினார்.

"எய்யா, மாடியில இருக்கவுக எல்லாம் வெளிக்கே போக மாட்டாவளோ?" என்றார்.

மாடியில் இருந்தவர்கள் வாடகைக்கு வந்த பீகார், உத்தரப் பிரதேச இளைஞர்கள். தையல், சரிகை வேலை செய்பவர்கள். அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர். அவர்களை நாம் வேண்டுமென்றே விலக்கவில்லை. எழுதும்போது அவர்கள் நினைவுக்கே வரவில்லை. அதுதான் கொடுமை. நம் தந்தையாரும் அப்படி ஒரு பரணில் ஒன்பது பேருடன் உறங்கியவர் என்பதை அம்மா நினைவூட்ட வேண்டியிருந்தது.

குழுக் கூட்டத்தில் இதனைச் சொன்னபோது எதிர்ப்பு எழுந்தது. "நேற்று வந்தவனுக்கெல்லாம் சீட்டுக் கொடுத்தால் நாளைக்கு உரிமை கேட்பான்" என்றார் நம் ஊர்ப் பெரியவர் ஒருவர். அச்சொற்களைக் கேட்டதும் 1960-களைப் பற்றி மூத்தோர் கூறியவையே நம் நெஞ்சில் ஓடின. அவரிடம் அறம் பேசிப் பயனில்லை, கணக்குப் பேசினோம். மாடிக்காரர்கள் எப்படியும் பயன்படுத்தத்தான் போகிறார்கள்; சீட்டு இருந்தால் பணம் வரும், இல்லாவிட்டால் சண்டை வரும் என்றோம். மூன்று கூட்டங்களுக்குப் பின் 31 அறைகள் சேர்க்கப்பட்டன. மாடியிலிருந்து ஒருவர் குழுவிலும் இடம்பெற்றார். அடுத்த மழைக்காலத்தில் நீரேற்றும் மோட்டார் எரிந்து போனபோது, எவரிடமும் கையேந்தாமல் புது மோட்டார் வாங்க நிதி இருந்தது. பெரியவர் அதன்பின் மறுபேச்சுப் பேசவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை நாம் எழுதியிருக்க மாட்டோம்.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த பரப்பில் இலட்சக்கணக்கானோர் வாழும் இடம் என்னவாகுமோ என்று உலகமே அஞ்சியது. மாநகராட்சி ஊழியர்களும் தாராவியின் தனியார் மருத்துவர்களும் தொண்டர்களும் சேர்ந்து வீடுவீடாகச் சென்று சோதித்தனர். பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தனர். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

அந்நாள்களில் எங்கள் தெருவுக்கு அரிசியும் பருப்பும் வந்தன. யாருக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! தொண்டர்கள் கையில் எடுத்தது கழிப்பறைச் சீட்டுப் பட்டியலைத்தான். 62 வீடுகளுக்கும் 31 அறைகளுக்கும் உணவுப் பொருள் சென்றது. ஆனால் தெருக்கோடியில் ஒரு தையற்கூடம் இருந்தது. பட்டியல் எழுதிய நாளில் அதன் உரிமையாளர், "இங்கே எவரும் தங்குவதில்லை; பகலில் வந்து போகிறவர்கள்" என்றார். இரவில் அங்கே விளக்கெரிவதை நாம் அறிவோம். இருந்தும் மேற்கொண்டு கேட்கவில்லை. வீண் வம்பு எதற்கு என்று விட்டுவிட்டோம். அக்கூடத்துப் பிள்ளைகள் ஏழெட்டு நாள் அரைப்பட்டினி கிடந்து, ஓர் இரவு மூட்டையுடன் நடந்தே புறப்பட்டுப் போனார்கள் என்று பின்னரே கேள்விப்பட்டோம். எங்கே போனார்கள், ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்பது தெரியவில்லை. விசாரிப்பதற்கு ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை.

இன்று தாராவி மீண்டும் எழுதப்படுகிறது. மறுசீரமைப்புத் திட்டத்திற்காக 2024 மார்ச்சில் வீடுகளைக் கணக்கெடுக்கும் பணி தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். அதற்குப் பின் வந்தோருக்கும் மாடியில் இருப்போருக்கும் வேறு நிபந்தனைகளுடன் தாராவிக்கு வெளியே இடம் என்கிறார்கள். திட்டம் நல்லதா தீயதா என்பதில் தெருவிலேயே இரு கருத்து உண்டு. அவ்வழக்கை இம்மலருக்குள் கொண்டுவர விரும்பவில்லை. ஆயினும் எந்தக் காகிதம் வேண்டும், எங்கே கையொப்பம் இடவேண்டும் என்று அறியாமல் தவிக்கும் முதியவர்களை ஒவ்வொரு வாரமும் காண்கிறோம். தமிழரும் உண்டு, தமிழரல்லாதாரும் உண்டு.

இவ்விடத்தில் சங்க அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோப்புகளிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற பெரியோர் நம்மிடையே பலர் உள்ளனர். மனு எழுதவும் ஆவணங்களை வரிசைப்படுத்தவும் அவர்களைவிட வல்லவர் யார்? மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் இருப்புப்பாதையைக் கடந்து தாராவிக்கு வரவேண்டும். ஒரு மேசை, நான்கு நாற்காலி, தமிழும் மராத்தியும் இந்தியும் எழுதத் தெரிந்த மூவர் போதும். வருபவர் எம்மொழியினர் என்று கேட்க வேண்டா. மாடியில் இருப்பவரா தரையில் இருப்பவரா என்றும் பார்க்க வேண்டா. விழா எடுப்பதற்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

முதல் ஞாயிறன்று நாம் வந்து அமர்கிறோம். தெருக்கோடித் தையற்கூடத்தில் இப்போது வேறு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். முதலில் அங்கே போய்ப் பெயர் கேட்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம்.