எதிரே வருபவரின் கண்

முந்திரித் தோப்பும் பலாமரமும் சூழ்ந்த காடாம்புலியூரிலே பிறந்து, பக்கத்து நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி 1962 முதல் மின்சாரமாகி ஊர் ஊராக ஓடுவதைப் பெருமையோடு கேட்டு வளர்ந்த நான், ஜெர்மனியிலும் ஹம்பாக் என்னும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் அருகிலேயே குடியேறியதைப் பூர்வ ஜன்ம பந்தம் என்று உறவினர் பரிகசிப்பதுண்டு. நெய்வேலியில் மண்ணை வாரிய ராட்சதச் சக்கர இயந்திரங்கள் இத்தேசத்திலிருந்து சென்றவை என்பதை அறிந்தவருக்கு இதில் அவ்வளவு ஆச்சரியம் இராது. ஆயினும், வெளிச்சத்தைப் பேணுவதும் ஒரு தர்மம் என்பதை நான் கற்றது இங்கேதான்.

நம் ஊரில் ஹெட்லைட் எரியவில்லையென்றால், சாலையோர மெக்கானிக் ஷெட்டில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பையன் ஒருவன் பல்பை மாட்டித் தந்துவிடுவான். இங்கோ பல்பின் விலையைக் காட்டிலும் மாட்டும் கூலி மிகுதியாதலால், வக்கீலும் வைத்தியரும் கூடத் தம் வீட்டு வாசலில் பானெட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து நிற்பதைக் கௌரவக் குறைவாக எண்ணுவதில்லை.

காரியம் அற்பமானதுதான், ஆனால் நிதானம் வேண்டும். விளக்கின் பின்மூடியைத் திருகிக் கழற்றி, மின்செருகியை உருவி, கம்பி கிளிப்பை அழுத்தி விலக்கினால், 12 வோல்ட், 55 வாட் எச்-7 பல்பு கைக்கு வரும். புதியதை அதன் உலோக அடிப்பாகத்தில் மட்டுமே பிடிக்கவேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை கண்ணாடியில் படிந்தால் அவ்விடம் அதிகமாய்ச் சூடேறி, பல்பின் ஆயுள் குறைந்துவிடும். இரு பல்புகளும் ஒரே காலம் உழைத்தவையாதலால், ஒன்று போனால் மற்றதையும் சேர்த்தே மாற்றுவது விவேகம்.

இத்துடன் வேலை தீர்ந்தது என்று நான் பானெட்டை மூடப்போனபோது, சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற அண்டைவீட்டு முதியவர், விளக்குக் கூட்டின் மேல் பொறித்திருந்த 1.2% என்ற சிற்றெழுத்தைச் சுட்டிக்காட்டினார். டிம் வெளிச்சத்தின் விளிம்பு பத்து மீட்டர் தூரத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் தாழவேண்டும் என்பது அதன் தாத்பரியம். எதிரே வருபவரின் கண் கூசாதிருக்கவே இந்தக் கணக்கு. நெய்வேலி நிறுவனம் தோன்றிய அதே 1956 முதல், இங்கே ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் பட்டறைகள் கட்டணமின்றி வாகன விளக்குகளைச் சோதித்து, குறையில்லாத வண்டியின் கண்ணாடியில் வில்லை ஒட்டி அனுப்புகின்றன.

விடுமுறைக்கு வந்து, பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் நோக்கி இரவில் காரோட்டும்போதெல்லாம், ஹைபீமைத் தணிக்காமல் எதிரே பாய்ந்து வரும் பேருந்துகளும் லாரிகளும், ஒற்றை விளக்கோடு வந்து இருசக்கர வாகனமோ என்று மயங்கச் செய்யும் கார்களும் என்னைக் கலங்க வைக்கின்றன. நம்மவருக்கு வெளிச்சத்தில் குறைவில்லை. குறைவெல்லாம் எதிரே வருபவரைப் பற்றிய நினைவில்தான். ஆகையால், வாசகர்களே, இன்று மாலை உங்கள் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, இரண்டு விளக்கும் எரிகின்றனவா, ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். சாலையில் எதிரே வண்டி கண்டதும் டிம் செய்யுங்கள்.